மிதவை ஆடியது

அன்பு மகனுக்கு, அப்பா சொல்லத் தங்கச்சி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சின்னவளும் சுகமாக இருக்கிறோம். நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய் என்று நம்புகிறோம். அண்ணா, இந்த இரண்டு வரி மட்டும் நானாக எழுதுகிறேன். அப்பா எப்போதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கடிதம் சொல்வார், இன்று நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். இனி அவர் சொல்வது.

பெரியவனே, என் வலது உள்ளங்கையில் ஒரு கட்டு. பதறாதே, படகின் பாய்க்கயிறு உருவிக்கொண்டு ஓடியதில் தோல் உரிந்துவிட்டது, எலும்புக்கு ஒன்றும் இல்லை. கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலையை இப்போது முழுக்கச் சின்னவள்தான் பார்க்கிறாள். இவள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபோது உன் அம்மா அழுத அழுகை உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது சுற்றிய காயிலை வாங்கிப் போகிறவர்கள் இவ்வளவு நெருக்கமாக யார் சுற்றியது என்று விசாரிக்கிறார்கள். விசாரித்தால் இவள் வார்னிஷ் டப்பாவைத் தேடுவது போல உள்ளே ஓடிவிடுகிறாள், அது வேறு கதை. இந்தப் பெண் வாய்க்குப் பூட்டுப் போட்டு வந்து பிறந்தாள், சாவியை என் வயிற்றிலேயே விட்டுவிட்டாளோ என்று உன் அம்மா கேட்கிறாள். நீ அங்கே ஈரக் காலுறையோடு வேலைக்குப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். அப்படிச் செய்யாதே, விரல் இடுக்கில் புண் வந்தால் ஆறவே ஆறாது. இரண்டு ஜோடி அதிகம் வைத்துக்கொள். கூட இருப்பவர்களோடு வாக்குவாதம் வைத்துக்கொள்ளாதே, சமையல் முறை வைத்துச் செய்கிறீர்கள் என்றால் உன் முறையை நீ தட்டிக் கழிக்காதே.

நம் பாய்ப்படகுக் கிளப் எப்படி ஆரம்பித்தது, எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். நீ ஊரை விட்டுப் போன பிறகுதானே இத்தனையும் நடந்தது. நம் பல் டாக்டர் ஒரு நாள் அவருடைய கம்ப்ரஸர் மோட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்தார். தச்சு மாமா வழக்கம் போல ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் பையிலிருந்து பழைய பத்திரிகைப் பக்கம் ஒன்று கீழே விழுந்தது, அதில் இரண்டு பேர் உட்காரும் பாய்ப்படகின் வரைபடம். தச்சு மாமா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, தொட்டில் நல்லாத்தான் இருக்கு டாக்டர், வீட்ல விசேஷமா என்று கேட்டார். டாக்டருக்கு அறுபது வயது. மூன்று பேரும் சிரித்து அடங்க நேரமானது. அடுத்த மாதமே தச்சு மாமாவின் பட்டறையில் பலகை அறுக்க ஆரம்பித்துவிட்டோம். கணக்கு டீச்சர் எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து, எனக்கு நீச்சல் தெரியும், உங்கள் மூன்று பேரில் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். அப்படித்தான் டீச்சர் நாலாவது உறுப்பினர் ஆனார், முதல் மூன்று மாதம் கிளப் என்று நடந்ததே எங்களுக்கு நீச்சல் வகுப்புதான்.

கட்டிடத்துக்கு எங்கே போவது என்று தவித்தபோது படகுத்துறை ஓரத்தில் சும்மா கிடந்த ஐஸ் கிடங்கு கிடைத்தது. சுவர் முழுக்கத் தக்கை, கதவு மெத்தை மாதிரி அவ்வளவு கனம், சாத்தினால் பக்கத்தில் இருக்கிற கடல் கூடக் கேட்காது. ஐஸ் கட்டி தூக்கும் கொக்கிகளில் இப்போது மிதவைச் சட்டைகள் தொங்குகின்றன. எவ்வளவு கழுவினாலும் மீன் வாடை போகவில்லை, டாக்டர் மட்டும் தன்னுடைய கிளினிக் மருந்தைத் தெளித்துப் பார்த்தார், அதன் பிறகு பல் பிடுங்கிய மீன் வாடை அடிக்கிறது என்று தச்சு மாமா சொன்னார். நம் படகுக்குப் பாய் இல்லை. கடை வாசலில் வெயிலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாயை வெட்டித் தைத்தேன். அதில் எல்லா வகை மோட்டாரும் ரிப்பேர் செய்யப்படும் என்று எழுதியிருந்ததல்லவா, வெட்டியது போக ரிப்பேர் என்ற ஒரு சொல் மட்டும் நடுப்பாயில் மிஞ்சியது. அன்றிலிருந்து நம் படகுக்கு ரிப்பேர் என்றே பெயர். தச்சு மாமா தன் படகை உடைந்த பள்ளிக்கூடப் பெஞ்சுகளை வைத்துச் செய்தார், அதன் பெயர் பெஞ்சு. யாரோ ஒரு பிள்ளை காம்பஸ் முனையால் கீறிய பூனை இன்னும் அதன் விலாவில் இருக்கிறது. டாக்டரும் டீச்சரும் ஓட்டுவது குட்டையாக, வெள்ளையாக இருக்கும், அதற்குக் கடைவாய்ப்பல். கடையில இருக்கிற மோட்டாரே இவர் பேச்சைக் கேட்கிறதில்லை, காத்தா கேக்கப் போகுது என்று உன் அம்மா சொன்னாலும், ஞாயிற்றுக்கிழமை டீக் கூஜாவோடு கரைக்கு முதலில் வந்து நிற்பது அவள்தான்.

பந்தயம் என்று ஒன்று வைக்க நினைத்தபோது நடுவர் யார் என்ற கேள்வி வந்தது. எல்லாருக்கும் படகில் ஏறத்தான் ஆசை, கரையில் நின்று விசில் ஊத ஒருவருக்கும் ஆசை இல்லை. பந்தயம் என்றால் தூரத்தில் மிதக்கவிட்டிருக்கும் டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும், மிதவையில் படகோ பாயோ கயிறோ படக் கூடாது. பட்டால் அந்த இடத்திலேயே படகை ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பட்டதா இல்லையா என்று யார் பார்ப்பது? நான்தான் சொன்னேன், யாரும் பார்க்க வேண்டாம், பட்டவனே சுற்றட்டும், அதுதான் நம் கிளப் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். கிளப்பில் அதற்குச் சுத்து போடுவது என்று சொல்வோம். முதலில் சுத்து போட்டது தச்சு மாமாதான். எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், கயிற்று வால் டிரம்மில் உரசியது என்று தானாகவே சுற்றினார், கடைசியாகக் கரைக்கு வந்தார். நான் தண்ணீரில் இறங்கிப் போய் அவரைக் கட்டிக்கொண்டேன்.

இப்போது நல்ல செய்தி. பெரிய துறைமுகத்துக் கிளப்காரர்கள் தங்கள் பந்தயத்துக்கு நம் கிளப்பிலிருந்து ஒரே ஒரு படகை அழைத்திருக்கிறார்கள். எந்தப் படகு என்று முடிவு செய்யப் போன ஞாயிறு பந்தயம் வைத்தோம். இத்தனை நாளும் பெஞ்சுதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. இந்த முறை ரிப்பேர் ஜெயித்துவிட்டது பெரியவனே. காற்று பின்னால் ஏறிக்கொண்டது, உன் தங்கச்சி விளிம்பில் சாய்ந்து எடையைச் சரியாகப் பார்த்தாள், நான் கயிற்றை விடவே இல்லை, கை உரிந்தது கூடக் கரையில்தான் தெரிந்தது. ஆனால் ஒரு மனவருத்தம். அலைதடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற டிரம் ஆடியது, ரிப்பேர் பட்டிருக்குமோ என்று தச்சு மாமா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். தோற்றால் அப்படித்தான் இருக்கும், நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் இப்போது பெஞ்சைக் கிடங்கிலிருந்து எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார், கிளப் வேண்டாம் என்கிறார். நீ சின்ன வயதில் அவருடைய பட்டறையில் மரச்சுருளைக் குவித்து அதில் படுத்துத் தூங்குவாய். உன் மேல் அவருக்கு உயிர். அதனால் நீ அவருக்கு ஒரு கடிதம் எழுது. தோல்வியைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ளுங்கள் மாமா, அப்பா அப்படிச் செய்கிறவர் இல்லை என்று உனக்குத் தெரியாதா என்று எழுது. நீ சொன்னால் கேட்பார்.

அண்ணா, இனி எழுதுவது நான். அம்மா கட்டு மாற்ற அப்பாவை உள்ளே கூப்பிட்டாள். மேலே இருப்பது எல்லாம் அவர் சொன்னபடியே எழுதினேன், ஒரு சொல் கூட மாற்றவில்லை. கடைசியில் உன்னை மாமாவுக்கு எழுதச் சொன்னாரே, அந்த இடத்தில்தான் பேனா நகரவில்லை. என்ன, மை தீர்ந்துபோச்சா என்று திரும்பாமலே கேட்டார். பிறகு எழுதினேன். ஆனால் நீ மாமாவுக்கு அப்படி எழுதாதே. ரிப்பேர் பட்டது.

சும்மா உரசவில்லை அண்ணா. அப்பா மிக நெருக்கமாகத் திரும்பினார், டிரம் படகின் வலது விலாவில் தடால் என்று இடித்தது, என் முழங்கால் வரைக்கும் அந்த அதிர்ச்சி வந்தது. எனக்குப் பேச்சு வராது, உனக்குத் தெரியும். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னாலே தொண்டை அடைத்துவிடும், அதனால்தான் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வந்தேன். படகில் மட்டும் எனக்கு அந்தத் தொல்லை கிடையாது, அங்கே பேசவே தேவையில்லை, அப்பா தோளை அசைத்தால் நான் சாய வேண்டியது, நான் சாய்ந்தால் அவர் கயிற்றை இறுக்க வேண்டியது. ஆனால் அன்று நான் பேசினேன். பட்டுடுச்சுப்பா, சுத்தணும் என்று சத்தமாகவே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். கேட்காதவர் பார்க்கிற பார்வை இல்லை அது. காத்து போயிடும், முன்னாடி பாரு என்று சொல்லிவிட்டுச் சுக்கானைப் பிடித்துக்கொண்டு போனார். அலைதடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்ததால் கரையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எங்களுக்குப் பின்னால் வந்த மாமா அங்கே வந்து சேர்ந்தபோது டிரம் இன்னும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

அதோடு முடிந்தது என்றுகூட நான் நினைத்திருப்பேன். ஜெயிக்கிற ஆசையில் ஒரு நிமிஷம் மனம் தடுமாறிவிட்டது, கரைக்குப் போனதும் சொல்லிவிடுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அந்த டிரம்முக்கு முந்தின நாள் நான்தான் ஆரஞ்சு பெயிண்ட் அடித்திருந்தேன், முழுதாகக் காயவில்லை. படகைக் கரையில் ஏற்றியதும் அப்பா சுற்றிக்கொண்டு, கரையில் நின்றவர்களுக்கு மறைவாக இருந்த வலது பக்கம் போனார். கடையிலிருந்து எடுத்து வந்திருந்த மண்ணெண்ணெய்த் துணியால் விலாவைத் துடைத்தார், மற்ற படகுகள் வந்து சேர்வதற்கு முன்னால். வலது உள்ளங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது, இடது கையால் துடைத்தார். நான் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என்னை ஒளித்துக்கூடச் செய்யவில்லை அண்ணா. நான் பார்த்தால் என்ன என்று இருந்தார். யாரிடம் சொல்லப் போகிறாள் என்று.

மாமா சண்டை போடவில்லை. ஈரச் சட்டையோடு வந்து, டிரம் ஆடிட்டு இருந்துச்சேய்யா, உனக்கு ஏதும் பட்டுச்சா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா உரக்கச் சிரித்தார். படலையே, வேணும்னா இவளைக் கேளுங்க, இவளும்தானே இருந்தா, என் பொண்ணு பொய் சொல்லுவாளா என்றார். டாக்டர், டீச்சர், அம்மா, டீக் குடிக்க வந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் அண்ணா, இது சத்தியம். அப்பா என் தலையில் கை வைத்து, பாவம் குளிர்ல நடுங்குது பிள்ளை, போய்த் துண்டை எடுத்துப் போர்த்திக்கோ என்று கிடங்கு வாசல் பக்கம் தள்ளிவிட்டார். அந்தக் கனத்த கதவுக்கு உள்ளே போனால் வெளியே பேசுவது ஒன்றும் கேட்காது. நான் துண்டோடு வெளியே வந்தபோது மாமா அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணு மங்குதுய்யா, வயசாகுதுல்ல, பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார். நான் சொல்லவே இல்லை அண்ணா. ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் நான் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டு டீ குடித்தார்கள்.

அதோடு விட்டார்களா? தோத்தவங்க கண்ணுக்கு டிரம்மும் ஆடும், கடலும் ஆடும் என்று டாக்டர் வேடிக்கையாகச் சொன்னார், அப்பா அதற்கும் சிரித்தார். இப்போது தெருவில் மாமா போனால் டிரம்மு வருது பார் என்று கூப்பிடுகிறார்கள். பட்டறைக் கதவில் யாரோ சாக்பீஸால் ஒரு டிரம் வரைந்து, அதற்குக் கண்ணும் வாயும் வைத்திருந்தார்கள், மாமா அதை அழிக்காமலே வேலை பார்க்கிறார். பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போன அன்று கடைக்கு வந்து அப்பாவிடம் கிடங்குச் சாவியைக் கொடுத்தார். எனக்காக நீங்க எல்லாரும் மனசு கஷ்டப்பட வேண்டாம் என்றார். நான் உள்ளே கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பா சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, சுத்து எத்தனை ஆச்சு என்று என்னைக் கேட்டார். கம்பியைத்தான் கேட்டார். எனக்கு எண்ணிக்கை விட்டுப் போய்விட்டது, முழுக்க அவிழ்த்துத் திரும்ப ஆரம்பித்தேன்.

எனக்கு எதில் வலிக்கிறது என்று எழுதத் தெரியவில்லை. அந்த விதியைச் சொன்னதே அப்பா. சொன்ன அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினார், எப்படி நம்ம யோசனை என்று. அவர் அப்படிப்பட்டவர் என்று நினைத்துத்தான் அவரோடு படகில் ஏறினேன். என் பெண் பொய் சொல்ல மாட்டாள் என்று அவர் பெருமையாகச் சொல்வது எனக்குப் பிடிக்கும், உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அதையே எடுத்து இப்படிச் செலவழிப்பார் என்று நினைக்கவில்லை. எனக்குப் பேச வராது என்பதை நம்பித்தான் அவர் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். இப்போது உன்னையும் கூப்பிடுகிறார். நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்கு ஒன்றும் தெரியாது, நீ நல்ல மனதோடு எழுதுவாய், மாமாவும் உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்பார். அதை என்னால் தாங்க முடியாது.

அப்பா வந்துவிட்டார். படிச்சுக் காட்டு, எதுவரைக்கும் சொன்னேன் என்று கேட்கிறார். வழக்கமாகக் கடைசி நாலு வரிதான் படிப்பேன்.

முதலிலிருந்து படித்தேன் அண்ணா, அவருடையதை, பிறகு என்னுடையதை. நிறுத்தி நிறுத்திப் படித்தேன். மண்ணெண்ணெய்த் துணி வந்த இடத்தில் அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார், போதும் என்றார். நான் நிறுத்தவில்லை. முடித்ததும், உன் அண்ணன் முன்னாடி என்னை இப்படிக் கொண்டுபோய் நிறுத்திட்டியே என்று கேட்டார். நீங்க என்னை எல்லார் முன்னாடியும் நிறுத்தினீங்கப்பா என்றேன். அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள், அவளுக்கும் இது புதிது. ஒரே ஒரு தடவை கேட்டாள், பட்டுச்சாங்க என்று. அப்பா என்னிடம், அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுது என்றார். மாட்டேன் என்றேன். அப்ப உன் இஷ்டம், ஆசீர்வாதத்தையாவது எழுதுவியா என்றார். சொல்லுங்க என்றேன்.

அவர் சொன்னது இது. மகனே, நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க, தலை நிமிர்ந்து வாழ வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் வாழ்த்துகிறோம். காலுறை விஷயத்தை மறந்துவிடாதே. அம்மா சேர்க்கச் சொன்னது, இருமல் நின்றதா இல்லையா என்று கண்டிப்பாக எழுது, வெந்நீர் குடி, பதில் போடத் தாமதம் செய்யாதே. கடிதத்தை அப்பாவிடம் நீட்டினேன். எப்போதும் கீழே கையெழுத்தை அவரே போடுவார். கை வலிக்குது என்று சொல்லிவிட்டுக் கடைக்கு எழுந்து போய்விட்டார். அதனால் இந்த முறை அவர் கையெழுத்து இல்லை என்று கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பதிலாக,
உன் தங்கச்சி

உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதையும் சேர்க்கிறேன். தச்சு மாமா பட்டறைக்குப் போனேன். அவர் இழைப்புளியைக் கீழே வைக்கிற வரைக்கும் வாசலில் நின்றேன். பிறகு உள்ளே போய் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.